பாட்டில்லாக் குழு

அடுத்தவர் எச்சிலைத் தராசில் போட்டு நிறுக்கிற பிழைப்பு தனக்கு வரும் என்று பாட்டு டாக்டர் கனவிலும் நினைத்ததில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, நோயாளிகளின் கழுத்திலிருந்து அவிழ்த்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் போடுவாள். மென்று துப்பியது, வாயோரம் வழிந்தது, இருமலில் தெறித்தது, எல்லாம் அதில் இருக்கும். கிண்ணத்தில் மிஞ்சியதோடு இதையும் கூட்டி, முதலில் வைத்த சாப்பாட்டின் எடையிலிருந்து கழித்தால் அந்த ஆள் எவ்வளவு விழுங்கினார் என்பது வந்துவிடும். கண்றாவி! இசையில் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் ஒரு பட்டம் வாங்கி, கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. அந்த வேலை முடிந்த பிறகு தன் டிபன் பாக்ஸைத் திறந்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பாதி நாள் திறக்காமலேயே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பக்கவாதம் வந்து பேச்சோ கையோ காலோ விழுந்துபோனவர்களைத் தங்கவைத்துத் தேற்றுகிற மறுவாழ்வு மையம் அது. அங்கே அவள் இசை சிகிச்சை செய்கிறவள். பாட்டு டாக்டர் என்று பெயர் வைத்தவர் ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கும் ஓய்வுபெற்ற கணக்கர். அவருக்கு இடது பக்கம் முழுக்க விழுந்திருந்தும் வாய் மட்டும் கொஞ்சமும் விழவில்லை. கேலிக்கு வைத்த பெயர், நர்ஸ் முதல் காவலாளி வரை எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

எச்சில் நிறுக்கிற யோசனை பேராசிரியருடையது. மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். மடிப்புக் கலையாத சட்டை, மேஜையில் காகிதம் ஒன்றுகூட இருக்காது, வார்டுக்குள் வந்தால் கைக்குட்டை தானாக மூக்குக்குப் போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் பாட்டு வாசித்தால் நோயாளிகள் கூடுதலாகச் சாப்பிடுவார்கள் என்று நிரூபித்துக் காட்டுவதாக ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். போட்டது அவர், எழுதியது இவள். அறக்கட்டளை திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பாட்டு கேட்கிற குழு சரி, அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பாட்டே கேட்காத இன்னொரு குழு வேண்டுமே, அவர்கள் காதில் பாட்டு விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?

இவள் உட்கார்ந்து யோசித்து எழுதினாள்: 'ஆய்வு நடக்கும் இரண்டு மாதமும், எந்த வடிவிலும், எவர் மூலமாகவும் இசை அவர்கள் காதில் படாமல் தடுக்கப்படும்.'

பேராசிரியர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பிரமாதம். இந்த ஒரு வரிக்கே பணம் குடுப்பாங்க பாருங்க."

கொடுத்தார்கள். அவளுடைய வேலையும் அந்தப் பணத்தில்தான் நீண்டது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துப் பூரித்துப்போனாள். பூரிப்பாம் பூரிப்பு! பின்னால் அதே வரியை நினைத்து அவள் வாயில் கசப்பு ஊறியது வேறு கதை இல்லை, இதே கதைதான்.

யார் எந்தக் குழு என்பது குலுக்கல். அதற்கு முன்னால் ஒரு வாரம், யாரும் எதையும் மாற்றாமல், ஒவ்வொருவரும் வழக்கமாக எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று நிறுத்துப் பார்த்துவிட வேண்டும். அதுதான் ஆரம்ப அளவு. அந்த வாரம்தான் அவள் டிரைவரை முதன்முதலாகச் சரியாகக் கவனித்தாள்.

டிரைவர் அறுபதைத் தாண்டியவர். வாழ்நாள் பூராவும் சரக்கு லாரி ஓட்டியவர். பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலது கையையும் பிடுங்கிக்கொண்டதோடு விடாமல், விழுங்குகிற வித்தையையும் பாதி மறக்கடித்திருந்தது. நர்ஸ் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டார். திறந்தால் மூடமாட்டார். மூடினால் விழுங்கமாட்டார், கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பார். கிண்ணம் போன மாதிரியே திரும்பி வரும். அவருடைய வீட்டம்மா ஊட்டினால் மட்டும் கிண்ணம் வழித்துத் துடைத்தது போல் காலியாகும்.

வீட்டம்மா கல்யாணமான புதிதில், கிளீனர் வைக்க வசதியில்லாமல், தானே புருஷனோடு லாரியில் ஏறிப் போனவர். சரக்குக் கிட்டங்கியிலும் சந்திலும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, கீழே குதித்து நின்று கை வீசி, ஸ்டியரிங்கை எப்போது ஒடிப்பது, எங்கே நிறுத்துவது என்று குரல் கொடுப்பது அவர் பொறுப்பு. அந்தக் குரலையே கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் ராகம் போட்டு இப்போது ஊட்டினார்.

"வா... வா... வா வா வா... லேசா ஒடிச்சு வா... வா..."

டிரைவரின் வாய் திறக்கும். 'வா வா' ஓடுகிற வரைக்கும் திறந்தே இருக்கும். ஸ்பூன் உள்ளே போய் வெளியே வந்ததும் வீட்டம்மா கட்டில் கம்பியில் படீரென்று ஒரு தட்டுத் தட்டி, "நிறுத்து!" என்பார். டிரைவர் வாயை மூடி, பிரேக்கை மிதிக்கிறவர் மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு, கடக்கென்று விழுங்குவார். அடுத்த வாய்க்கு மறுபடியும் வா வா.

குரலா அது? ஐயையோ! சுருதி ஒரு பக்கம் போனால் வீட்டம்மா இன்னொரு பக்கம் போவார். பக்கத்துக் கட்டில் கணக்கர் தலையணையால் காதை மூடிக்கொண்டு, "ஏம்மா, வண்டி கிணத்துல விழுந்துடப் போவுது, சீக்கிரம் நிறுத்தச் சொல்லும்மா" என்பார். வீட்டம்மா அதற்கும் சிரிப்பார்.

ஊட்டி முடித்து, கைக்குட்டையால் புருஷனின் வாயைத் துடைத்துவிட்டு அதை மடித்துப் பையில் வைக்கப் போனபோது பாட்டு டாக்டர் கையை நீட்டினாள். "அம்மா, அந்தத் துணியையும் குடுங்க. எடை போடணும்."

"எதை கண்ணு?"

"துடைச்சதை."

வீட்டம்மா கைக்குட்டையையும் பார்த்தார், இவளையும் பார்த்தார். "எச்சிலையா நிறுப்பீங்க? அடக் கொடுமையே. இதுக்கா இத்தனை படிப்பு?" என்று கொடுத்தார். பாட்டு டாக்டருக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் நிறுத்தாள்.

குலுக்கலில் டிரைவர் பாட்டில்லாக் குழுவில் விழுந்தார். அறிக்கையில் அதற்கு 'ஒப்பீட்டுக் குழு' என்று கௌரவமான பெயர் இருந்தது. பாட்டில்லாக் குழு என்று சொன்னவர் தலைமை நர்ஸ். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பாட்டு டாக்டர் பேராசிரியரின் அறைக்குப் போனாள். "சார், டிரைவருக்கு அவங்க வீட்டம்மா பாடித்தான் ஊட்டுறாங்க. அவரை மட்டும் ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடலாமா?"

"குலுக்கல்ல வந்த ஆளை நம்ம இஷ்டத்துக்கு எடுத்தா அதுக்குப் பேரு ஆராய்ச்சியா? மோசடி."

"அப்ப அவங்க பாட்டுக்குப் பாடட்டுமே சார். வழக்கமா நடக்கறதுதானே?"

"பாடினா கலப்படம் ஆயிடும். நீங்க எழுதின வரிதானே அது? எந்த வடிவிலும், எவர் மூலமாகவும்."

"போன வாரம் நீங்க வாசல்ல நின்னு கேட்டுட்டு, இது பாட்டே இல்ல, வெறும் கூச்சல்னு சொன்னீங்க. பாட்டே இல்லன்னா எதுக்கு சார் தடுக்கணும்?"

பேராசிரியர் குழந்தைக்குச் சொல்வது போல் பொறுமையாகச் சொன்னார். "இசைன்னு நாம அறிக்கையில எழுதறதுக்கு ஒரு தரம் வேணும். கலப்படம்னு வர்றப்ப விசில் சத்தம்கூட இசைதான். அது வேற வரையறை, இது வேற வரையறை. குழப்பிக்காதீங்க."

எவ்வளவு சுத்தமாகப் பேசுகிறார்! அவள் வாயடைத்துப்போய் வெளியே வந்தாள். வாயடைத்ததற்கு வேலை ஒப்பந்தமும் ஒரு காரணம், அதை மறைப்பானேன்.

வார்டில் பாட்டு ஒழிப்பு ஆரம்பமானது. கணக்கரின் ரேடியோவை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். "என் ரேடியோ என்ன பாவம் பண்ணுச்சு? அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடந்து கத்திட்டு இருந்துச்சு" என்று அவர் அன்றைக்குக் கிண்ணத்தைத் தொடவில்லை. தரை துடைக்கிற அக்கா முணுமுணுக்கக் கூடாது. போன் மணிச் சத்தம் கூடாது. நடைபாதையில் விசிலடித்த காவலாளிக்குப் பேராசிரியரே நேரில் வந்து புத்தி சொன்னார். பெரிய ஆபத்தைத் தடுத்த மாதிரி திரும்பிப் போனார்.

டிரைவர் வீட்டம்மாவிடம் சொல்ல வேண்டிய வேலை பாட்டு டாக்டர் தலையில் விழுந்தது.

"ரெண்டு மாசத்துக்கு நீங்க பாடாம ஊட்டணும்மா."

"ஏன் கண்ணு? மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒப்பீடு, குலுக்கல் என்று விளக்க வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்ததும் குறுக்கு வழியில் போனாள். "சிகிச்சை முறை அப்படிம்மா."

"அமைதியா வெச்சா மூளைக்கு ஓய்வு கெடைக்குமாக்கும்?"

பாட்டு டாக்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலை மட்டும் ஆடியது. வீட்டம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

"சரி கண்ணு. அவருக்கு நல்லதுன்னா வாயில பூட்டுப் போட்டுக்கறேன்."

பூட்டுத்தான் போட்டுக்கொண்டார். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு ஊட்டினார். டிரைவர் வாயைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்தார். குரலுக்காகக் காத்திருந்தார் என்று பார்க்கிற யாருக்கும் தெரியும். ஸ்பூனை உதட்டில் வைத்து அழுத்தினால் பாதி உள்ளே போகும், பாதி கழுத்துத் துண்டில் வழியும். இரண்டாம் நாள் வீட்டம்மாவின் கை பழக்கதோஷத்தில் கட்டில் கம்பியைத் தட்டப் போனது.

"தட்டவும் கூடாதும்மா. தாளமும் இசைதான்," என்றாள் பாட்டு டாக்டர். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வீட்டம்மா ஓங்கிய கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

தோட்டத்துப் பக்கத்துச் சாப்பாட்டு அறையில் பாட்டுக் குழு உட்கார்ந்திருக்கும். இவள் கீபோர்டில் இதமாக வாசிப்பாள். அவர்கள் முன்பு எவ்வளவு சாப்பிட்டார்களோ அவ்வளவே சாப்பிட்டார்கள். சிலர் ஒரு ஸ்பூன் கூட, சிலர் ஒரு ஸ்பூன் குறைய. வாசித்து முடித்து, கையுறை மாட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தால் அங்கே பாட்டில்லாக் குழுவின் கிண்ணங்கள் கனத்துக் கிடக்கும். கணக்கர் வீம்புக்குச் சாப்பிடவில்லை. இன்னொரு கிழவருக்குப் பேத்தி போனில் தினமும் பாடிக் காட்டுவாளாம், அதையும் நிறுத்தியாகிவிட்டது. டிரைவரின் கழுத்துத் துண்டு ஈரத்தில் ஊறித் தொப்பலாக இருக்கும். அதைத் தூக்கித் தட்டில் போடும்போது புளித்த வாடை குப்பென்று அடிக்கும். ஒரு மனிதன் பட்டினி கிடப்பதைக் கையில் பிடித்து எடை பார்க்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள். சீ என்று வரும். ஆனாலும் எண்ணை எழுதிக்கொள்வாள்.

ஒரு மாதம் போனதும் கட்டை கட்டையாக வரைபடம் போட்டாள். எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினாள்.

"சார், பாட்டுக் குழு ஏறவே இல்ல. மத்தக் குழுதான் இறங்குது."

"வித்தியாசம் இருக்கா?"

"இருக்கு. நிறையவே இருக்கு. ஆனா அது..."

"வித்தியாசம் இருந்தா போதும். அவங்க கேட்டது வித்தியாசம்தான். இவங்க ஏறினாங்களா அவங்க இறங்கினாங்களான்னு யாரு கேட்டா?"

"சார், நாமதான் இறக்கினோம்! அவங்கவங்க காதுல ஏற்கெனவே ஒரு பாட்டு இருந்துச்சு. அதைப் பிடுங்கிட்டு, பாட்டு இல்லாதவங்க எப்படி வாடறாங்க பாருங்கன்னு காட்டறோம்."

"ஆரம்ப வாரத்தோட அளவைப் படத்துல போட்டிருக்கீங்களே, அதான் உங்களைக் குழப்புது. எடுத்துடுங்க. ரெண்டே கட்டை இருக்கட்டும், ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. பார்க்கறவங்களுக்கும் சுலபம்." கடிகாரத்தைப் பார்த்தார். "அப்புறம், அடுத்த கட்ட விண்ணப்பத்தை எழுத ஆரம்பிச்சிடுங்க. உங்க ஒப்பந்தமும் முடியுதில்ல?"

அந்தக் கடைசிக் கேள்வியை எவ்வளவு நைசாகச் சொருகினார் பாருங்கள். அவள் தன் மேஜைக்குப் போய் ஆரம்ப வாரத்தை அழித்தாள். அழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த நெட்டைக் கட்டையையும் குட்டைக் கட்டையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பேராசிரியர்மேல் வந்த அருவருப்பைவிடத் தன்மேல் வந்தது அதிகம்.

டிரைவருக்குக் கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தியது. ஒருநாள் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருந்தது மூச்சுக்குழாய்க்குள் போய், முகம் நீலமாகி, வார்டே அலறியது. உயிர் தப்பியது. வார்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போடச் சொன்னார். இனி வாய்வழியாக ஒன்றும் கிடையாது, மறு உத்தரவு வரும்வரை சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது.

பாட்டு டாக்டர் செய்தியைப் பேராசிரியரிடம் சொன்னாள். "இனி அவருக்கு அளவு கிடையாது சார். கணக்குலேருந்து எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்? வாயால சாப்பிட்டது எவ்வளவு? சைபர். சைபர்னு போடுங்க."

"சார்!"

"உண்மைதானே? பொய்யா சொல்றோம்?"

அவர் சொன்னது உண்மைதான். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு மனுஷன் இவ்வளவு அசிங்கம் பண்ண முடியுமா! அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். ஒன்றும் வெளியே வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த கட்டப் பணத்தை முடிவு செய்ய அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், அவருக்கு உதவியாக ஓர் ஆள். பேராசிரியர் புதுச் சட்டையில் இருந்தார். திரையில் நெட்டைக் கட்டையும் குட்டைக் கட்டையும் வந்தன. கண்ணாடி அம்மாள், "அடேயப்பா, இவ்வளவு வித்தியாசமா!" என்றார். பாட்டு டாக்டர் மூலையில் கீபோர்டுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கடைசியில் ஏதாவது வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

பேராசிரியர் குரலைத் தணித்தார். "ஒரு நோயாளியைப் பத்தி மட்டும் சொல்லணும். லாரி ஓட்டினவர். பாட்டுக் குழுவுல இடம் கெடைக்கல. பாவம், கொஞ்சம் கொஞ்சமா சாப்பாட்டையே விட்டுட்டாரு. இப்ப மூக்குல குழாய். இசை இல்லாம ஒரு மனுஷன் என்ன ஆகறான்னு நாங்க கண்ணால பார்த்தோம். இந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இந்தத் திட்டம் தொடரணும்னு கேட்கறோம்."

கண்ணாடி அம்மாள் உச்சுக் கொட்டினார். உதவி ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தூ! பட்டினி போட்டதும் இவர்கள், அந்தப் பட்டினியைக் காட்டிக் கையேந்துவதும் இவர்கள். பாட்டு டாக்டரால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. பேராசிரியர் தலையசைத்து வாசிக்கச் சொன்னதும் கீபோர்டு மூடியை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். வேலை போனால் போகிறது என்று நினைத்தாளா? அதையெல்லாம் நினைக்கிற நிலையில் அவள் இல்லை.

வார்டில் வீட்டம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். டிரைவர் கண்ணை மூடிக் கிடந்தார். மூக்கிலிருந்து குழாய் காதைச் சுற்றிப் போயிருந்தது. ஊட்ட வேண்டிய வேலையே இல்லை, ஆனாலும் வீட்டம்மா உதட்டைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு நாளைக்குக் கண்ணு இந்த வைத்தியம்?"

"பாடுங்கம்மா."

"முடிஞ்சிருச்சா?"

"முடியல. நீங்க பாடுங்க."

"நடுவுல விட்டா கெட்டுப்போயிடாதா? இத்தனை நாள் பொறுத்தாச்சு. நான் வாயத் தொறந்து அதனால ஒண்ணு ஆச்சுன்னா?"

பாட்டு டாக்டர் அவர் காலடியில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இது வைத்தியமே இல்லம்மா. நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

வீட்டம்மா அவள் வாயையே பார்த்தார்.

"பாட்டு கேட்டா நல்லாச் சாப்பிடுவாங்கன்னு நிரூபிக்கணும். அதுக்குப் பாட்டு கேட்காத ஆளுங்க கொஞ்சப் பேர் வேணும். குலுக்கல்ல உங்க வீட்டுக்காரர் பேரு வந்துச்சு. அவ்வளவுதான். அவருக்கு நல்லதுக்குன்னு ஒண்ணுமே பண்ணல."

"பாட்டு வேலை செய்யுதுன்னு காட்டறதுக்கு?"

"ஆமாம்மா."

"அது வேலை செஞ்சிட்டு இருந்துச்சே கண்ணு." வீட்டம்மா கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டார். "நீயும் பக்கத்துல நின்னுதானே பார்த்த?"

பாட்டு டாக்டரின் தலை குனிந்தது.

வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது. உறைத்ததும் முகம் மாறியது. அழுகிய பழத்தைத் தெரியாமல் கடித்துவிட்ட முகம். "அடச்சீ," என்றார். "எச்சிலை நிறுத்தப்பவே நெனச்சேன், இதுங்க நல்ல கூட்டம் இல்லன்னு. தள்ளி உட்காரு."

பாட்டு டாக்டர் ஸ்டூலோடு தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டம்மா புருஷனின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். இத்தனை நாள் அடைத்துக் கிடந்த குரல் முதலில் காற்றாகத்தான் வந்தது. பிறகு கரகரத்தது. பிறகு பழைய கூச்சலாகவே எழும்பியது.

"வா... வா... வா வா வா..."

ஜன்னலோரத்தில் கணக்கர் தலையைத் தூக்கினார். கேலி பண்ண வாயெடுத்தவர் டிரைவரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். டிரைவரின் கண் திறந்திருந்தது. குரல் வந்த பக்கம் முகம் மெள்ளத் திரும்பியது. மூக்குக் குழாய் ஆடியது. உதடு பிரிந்தது. வாய் அகலமாகத் திறந்தது.

"லேசா ஒடிச்சு வா... வா..."

சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். வாசலில் பேராசிரியரும் விருந்தாளிகளும் வந்து நின்றார்கள். பேராசிரியரின் கைக்குட்டை மூக்குக்குப் போயிருந்தது. கண்ணாடி அம்மாள் மெய்மறந்து பார்த்தார். "இது என்ன? எவ்வளவு அழகா இருக்கு!"

பேராசிரியர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. அதற்கெல்லாம் தனித் திறமை வேண்டும். "இதுதான் எங்க அடுத்த கட்டம். குடும்பத்தாரே பாடற முறை. விண்ணப்பத்துல விரிவா எழுதியிருக்கோம்."

எழுதவே இல்லை. எழுத வேண்டியவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி அம்மாள் அவளிடம் குனிந்து கேட்டார். "இதை எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

பாட்டு டாக்டர் எழுந்து நின்றாள். "நாங்க கண்டுபிடிக்கல மேடம். அவங்க தினமும் இப்படிப் பாடித்தான் ஊட்டிட்டு இருந்தாங்க. இவரும் நல்லாச் சாப்பிட்டுட்டு இருந்தாரு. நாங்க வந்து பாடக் கூடாதுன்னு நிறுத்தினோம். அப்புறம் இவரு பட்டினி கெடந்தாரு. அந்தப் பட்டினியைத்தான் சார் உள்ள உங்களுக்குக் கட்டை போட்டுக் காட்டினாரு."

"ராத்திரி பகலா வேலை பார்த்து ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க," என்று பேராசிரியர் சிரித்தார். விருந்தாளிகள் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

வீட்டம்மா இவர்கள் யாரையும் சட்டை பண்ணவில்லை. ஒரு கையால் புருஷனின் தாடையைத் தாங்கிக்கொண்டு, ராகத்தை விடாமலே திரும்பிப் பார்த்தார். "வா... வா... வாயத் தொறந்து வெச்சிருக்காரே, யாராவது ஒரு ஸ்பூன் கொண்டாங்களேன்... வா வா வா..."

தலைமை நர்ஸ் ஓடி வந்தார். திறந்த வாயைப் பார்த்ததும் அவர் கை தானாகக் கிண்ணம் இருக்கும் மேஜைப் பக்கம் போனது. அங்கே கிண்ணம் இல்லை. பிறகு நின்றுவிட்டார். "வாய்வழியா குடுக்க டாக்டர் உத்தரவு இல்லையேம்மா. மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுன்னா ஆளே போயிடுவாரு. அவர் வந்து சோதிச்சுப் பார்த்துச் சொல்லணும்."

"எங்க இருக்காரு?" என்றாள் பாட்டு டாக்டர்.

"மேல் மாடி. மீட்டிங்ல."

பாட்டு டாக்டர் ஓடினாள். வாசலில் அடைத்து நின்ற பேராசிரியரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறும்போதும் அந்தக் குரல் பின்னாலேயே வந்தது. கரகரத்து, சுருதி தப்பி, வா வா என்று அழைத்துக்கொண்டே இருந்தது. வாயில் ஒன்றும் விழாமல் எப்படி 'நிறுத்து' சொல்வார்? அந்த அம்மா சொல்லவில்லை. அழைத்துக்கொண்டே இருந்தார்.